எண்ணெய் படக்கூடாத இடம்

அண்ணே, நடந்தது எதையும் மறைக்காமல், நடக்காதது எதையும் சேர்க்காமல் எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் அம்மாவுடையது. கையெழுத்து மட்டும் என்னுடையது. அம்மா தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அம்மா சொல்வதை டீச்சர் கற்றுக்கொடுத்த எழுத்துத் தமிழில் மாற்றிக்கொள்வேன். மற்றவர்கள் பேசியதைப் பேசியபடியே வைப்பேன். இனிமேல் "நான்" என்று வந்தால் அது அம்மா. நடுவில் எனக்கு ஏதாவது சொல்ல இருந்தால் "சரசு" என்று போட்டுவிட்டு அந்த ஒரு பத்தியில் சொல்கிறேன், அடுத்த பத்தி மறுபடி அம்மா.

மாணிக்கம், நீ நாளை மத்தியான ரயிலில் போர்ட்டுக்குப் போய்ச் சாயங்காலம் நாகப்பட்டினம் கப்பலில் ஏறப்போகிறாய் என்று அடுத்த வீட்டு அந்தோணி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவன் காலை முதல் ரயிலில் நீ இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும்போது இதை உன் கையில் கொடுப்பான். படிப்பதாக இருந்தால் மனசுக்குள் படிக்காதே. உன் அறையில் கூட இருக்கிற பையன்கள் கேட்கும்படி உரக்கப் படி. "விதி, உன் தப்பு ஒண்ணுமில்லை" என்று அவர்கள் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். இங்கே கம்பெனி லைன் வீடுகளிலும் எல்லாரும் என்னிடம் அதைத்தான் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்லப்போவதில்லை. உன்னிடம் அப்படிச் சொன்னவர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நீ மட்டும் அந்த லோரியிலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும்.

கம்பெனிக்குத் தீயணைக்க அந்த நெருப்பு லோரி வந்த வருஷத்தை நினைத்துப் பார். உன் அப்பாதான் டிரைவர், நீ அவருக்குக் கையாள் என்று துரை சொன்னதும் நீ கிள்ளான் பாசார்க் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாய். லோரியின் முன்னால் பித்தளையில் பூசணிக்காய் அளவுக்கு ஒன்று இருந்தது. சைரன் என்றாய். நம் ஆட்கள் ஒரே நாளில் அதைச் சங்கு ஆக்கிவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. கோயிலில் ஊதுகிற சங்கையும் சாவு வீட்டில் ஊதுகிற சங்கையும் தவிர வேறு சங்கு எனக்குத் தெரியாது. "அதுக்கு வேற பேரே கெடைக்கலியா?" என்று கேட்டேன். உன் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அடியே, அந்தச் சங்கு செத்தவனுக்கு ஊதறது. இது சாகாம இருக்க ஊதறது. ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பறே?" என்றார். நீ சிரித்துப் புரையேறினாய். தலையில் தட்டியது நான்.

அன்றைக்குத்தான் சங்கின் பிரேக் விஷயத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். மிஷின் கைப்பிடியை என் கையிலிருந்து வாங்கி வேகமாகச் சுற்றினாய். நூல் அறுந்ததற்குத் திட்டினேன்.

"நூலு போனாப் போவுது, இங்க பாரும்மா. கையை எடுத்துட்டேன். சக்கரம் நின்னுச்சா?"

"நிக்கலை."

"அதே கதைதான். சுவிட்சை விட்டாலும் சங்குக்குள்ள இருக்கிற உருளை நிக்காது. பாரம் ஜாஸ்தி. ஓடுற வரைக்கும் ஊளை விட்டுக்கிட்டே இருக்கும். இப்ப நீ சக்கரத்தை நிறுத்தணும்னா என்ன செய்வே?"

நான் உள்ளங்கையைச் சக்கரத்தின் மேல் வைத்து அழுத்தினேன். நின்றது.

"அதுதாம்மா பிரேக்கு. உன் உள்ளங்கைக்குப் பதிலா அதுல தோலு. அவ்வளவுதான் லா!"

சரசு: அண்ணே, அம்மா சொல்வது சரிதான். ஆனால் இதைக் கேட்கும் மற்றவர்களுக்காக நான் முழுதாக எழுதுகிறேன். நீங்கள் எனக்கு லோரியிலேயே காட்டினீர்கள். பக்கவாட்டில் துளைகள் வெட்டிய உருளை ஒன்று, அதே மாதிரி துளைகள் உள்ள கூட்டுக்குள் சுற்றுகிறது. துளைக்கு நேராகத் துளை வரும்போது காற்று வெளியே பாய்கிறது, விலகும்போது தடைப்படுகிறது. காற்று இப்படி வெட்டுப்படுவதுதான் சத்தம். வேகம் ஏற ஏறக் குரல் ஏறும். லோரியின் பாட்டரியில் ஓடும் மோட்டார் அதைச் சுற்றுகிறது. உருளைக்குப் பின்னால் ஓர் இரும்பு வளையம் உருளையோடு சேர்ந்தே சுற்றும். வளையத்துக்குப் பக்கத்தில், தொடாமல், நகத்தளவு இடைவெளி விட்டு, தோல் பதித்த சின்னக் கட்டை ஒன்று இருக்கும். காலால் மிதியை அமுக்கினால் கம்பி இழுத்து, அந்தத் தோல் வளையத்தில் போய் அழுந்தும். காலை எடுத்தால் ஸ்பிரிங் அதைத் திரும்ப விலக்கிவிடும். சுவிட்சை விடாமல் பிரேக்கை மிதிக்கக்கூடாது. மோட்டாரும் பிரேக்கும் சண்டை போட்டுத் தோல் கருகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பட்டால் தோல் வளையத்தைப் பிடிக்காது, வழுக்கும். இதைச் சொல்லிவிட்டு, அம்மாவின் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டை உங்கள் உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு சக்கரத்தைப் பிடித்துக் காட்டினீர்கள். சக்கரம் உங்கள் கைக்குள்ளேயே ஓடியது. எனக்கு அது வித்தை மாதிரி இருந்தது. இன்னொரு தடவை செய்யச் சொன்னேன்.

நானும் பார்த்தேன். எதற்கு அவ்வளவு அவசரமாக அதை நிறுத்த வேண்டும், தானாக அடங்கட்டுமே என்று கேட்டதற்கு நீ சொன்ன பதில்தான் எனக்கு அந்த லோரியின் மேல் ஒரு மரியாதையை உண்டாக்கியது. "நாம கத்திக்கிட்டே இருந்தா அடுத்தவன் கத்தறது எப்படிம்மா கேக்கும்?" என்றாய். நெருப்பு பிடித்த இடத்துக்குப் போனதும் உள்ளே மாட்டிக்கொண்டவன் குரல் கேட்க வேண்டும். அதற்கும் முன்னால், கம்பெனி ரோட்டில் கதவில்லாத அந்தத் தண்டவாளத்துக்கு வந்ததும் சங்கை நிறுத்தி, ரயில் விசில் கேட்கிறதா என்று காது கொடுத்துவிட்டுத்தான் தாண்ட வேண்டும். அங்கே வளைவில் ரப்பர் மரங்கள் மறைக்கும், கண்ணை நம்ப முடியாது. தினமும் காலையில் ஷெட்டில் நீங்கள் இரண்டு பேரும் அதைச் சோதிக்கும் சத்தத்தில்தான் நான் அடுப்பு மூட்டுவேன். ஊளை ஏறும். பிறகு ஒரே மூச்சில், கழுத்தைப் பிடித்த மாதிரி, நிற்கும். நின்றதும் நீ "கேக்குது!" என்று கத்துவாய். என்ன கேட்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றும் இல்லாததுதான் கேட்கிறது போல.

இப்போது அந்த ஆயுத பூஜைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், இதைச் சொல்லாமல் எழுந்துவிடலாமா என்றும் நினைக்கிறேன்.

சரசு: அம்மா எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்கள். "இதை எழுதாதே" என்றார்கள். எழுதிவிட்டேன்.

லோரியைக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினீர்கள். நான் படையலுக்குச் சுண்டல் எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தேன், சரசு தேங்காய்த் தட்டோடு பின்னால் வந்தாள். நீ சங்கின் பித்தளையை எண்ணெய்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாய். முகம் பார்க்கலாம், அப்படி மின்னியது. பின் மூடி திறந்திருந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்தார்.

"டேய், அந்த வளையத்துல துரு தெரியுது பாரு. அதையும் துடை."

"அதுல எண்ணெய் படக்கூடாதுப்பா."

"சாமிக்கு முன்னாடி துருவோட வைப்பியா? சும்மா ஒரு துடைப்பு துடைடா. நாளைக்கு எடுக்கும்போது பெட்ரோல் போட்டுக் கழுவிக்கலாம்."

"அப்பா..."

"என்னடா அப்பா? லோரி ஓட்டறது நீயா, நானா?"

நீ சிரித்துக்கொண்டே துடைத்தாய். அவரும் சிரித்தார். கற்பூரம் காட்டினோம். பூஜையில் வைத்ததை மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அது நமக்குப் பிறந்ததிலிருந்து தெரியும், யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. என் தையல் மிஷினையும் அன்றைக்கு நான் தொடவில்லை. சரசு தன் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் வைத்துவிட்டுப் படிக்க ஒன்றும் இல்லாமல் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே அந்த எண்ணெய் இராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது.

மறுநாள் காலை நாம் குளித்து முடிப்பதற்குள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக் கொட்டகை பற்றிக்கொண்டது. மறு பூஜையும் இல்லை, சோதனையும் இல்லை, பெட்ரோலும் இல்லை. வாழைக்கன்றை அவிழ்க்கக்கூட இல்லை. மாவிலை பறக்க லோரி போனதை நான் வாசலில் நின்று பார்த்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதச் சொல்கிறேன்.

மீதியை நீ ஒரே ஒரு தடவை, அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில், தோளில் கட்டோடு சொன்னாய். அதற்குப் பிறகு சொல்லவில்லை. தண்டவாளத்துக்கு முன்னால் சுவிட்சை விட்டு மிதியை மிதித்தாய். சங்கு நிற்கவில்லை. "அமுக்குடா!" என்றார். "அமுக்கிட்டுதாம்பா இருக்கேன், வழுக்குது!" என்றாய். அவர் லோரியை நிறுத்தினார். அது உண்மை, நிறுத்தினார். ஊளை இறங்கிக்கொண்டே இருந்தது, முடியவில்லை. எதிரில் புகை கறுப்பாக ஏறிக்கொண்டிருந்தது. வாழையிலையை ஒதுக்கிவிட்டுத் தலையை நீட்டிப் பார்த்தார். "சரி, ஒண்ணும் வரலை" என்று லோரியைத் தண்டவாளத்தில் ஏற்றினார். ரயில் விசில் கொடுத்திருக்கிறது. கொட்டகைக்குக் காவல் இருந்த ஜாகா கேட்டிருக்கிறான். தோட்டத்தில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். உங்கள் இரண்டு பேருக்கும்தான் கேட்கவில்லை. ரயில் மோதி உன்னை வெளியே தூக்கி எறிந்தது. அவரை எறியவில்லை. கொட்டகையில் எரிந்தது ரப்பர் ஷீட் மட்டும். வாங்குவதற்கு ஆளில்லாமல் அடுக்கி வைத்திருந்த ஷீட்.

விசாரணைக்குத் துரை உன்னைக் கூப்பிட்டார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணியார் கேட்கக் கேட்க நீ பதில் சொன்னாய். நானும் சரசுவும் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். "எண்ணெய் போட்டது யாரு?" "நான்தாங்க." "உங்கப்பனுக்குத் தெரியுமா?" "தெரியாதுங்க. நானா போட்டேன்." கிராணியார் பேனாவை வைத்துவிட்டு உன்னைப் பார்த்தார். "படிச்சுப் படிச்சு சொல்லிக்குடுத்தும் சங்குக்கு எண்ணெய்க் குளியல் பண்ணி வெச்சிருக்கே, நீ என்ன மடப்பள்ளிச் சமையக்காரனா?" என்றார். ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நீ நிமிரவில்லை. என்னை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

மகனே, நீ செய்ததற்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. செத்தவர் மேல் ஒரு சொல் வரக்கூடாது என்று பார்த்தாய். முதலில் எனக்கு அது பெரிய காரியமாகத் தெரிந்தது. ஆனால் பொய்யை ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சொல்லிவிட்டு நீ அதை நம்ப ஆரம்பித்துவிட்டாய். "நானா போட்டேன், நானா போட்டேன்" என்று தூக்கத்தில் பேசினாய். அதைத்தான் நான் இன்றைக்கு மறுக்க வேண்டும். நீயாகப் போடவில்லை. அவர் சொல்லிப் போட்டாய். ஒரு தடவை வேண்டாம் என்றும் சொன்னாய். எனக்குத் தெரியும், என் காதால் கேட்டேன். சரசுவும் கேட்டாள்.

இதைச் சொல்வதால் உனக்கு ஒன்றும் இலகுவாகிவிடாது என்பதும் தெரியும். உன் தலையில் இருப்பதை இறக்கி நான் எங்கே வைப்பேன்? அவர் தலையிலா? துருவோடு சாமி முன்னால் வைக்கக்கூடாது என்று நினைத்தது ஒரு குற்றமா? இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் சங்கு தானே அடங்கியிருக்கும். பொறுக்கவில்லை. எதிரில் நெருப்பை வைத்துக்கொண்டு நெருப்பு லோரிக்காரன் பொறுப்பானா? தொடக்கூடாது என்று சம்பிரதாயம் வைத்தவர்கள் தலையிலா? அவர்கள் யாரென்று யாருக்குத் தெரியும்! அந்த வாழைக்கன்று நம் வீட்டுக்குப் பின்னால் நான் வைத்து வளர்த்தது. இலை இன்னும் கொஞ்சம் சின்னதாக இருந்திருந்தால் அவருக்கு ரயில் தெரிந்திருக்குமோ என்று நான் கேட்டுக்கொள்கிறேன். இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் இது எங்கேயும் போய் நிற்காது. சுவிட்சை எப்போதோ விட்டாகிவிட்டது. இது ஓடுகிற வரைக்கும் ஓடும். உனக்கும் ஓடும், எனக்கும் ஓடும். பிடித்து நிறுத்த நம்மிடம் ஒன்றும் இல்லை.

போன மாசம் நானும் சரசுவும் ரயிலில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். உன் அறை வாசலில் ஒரு பையன் நின்றான். "மாணிக்கம் வெளிய போயிருக்கானே, அம்மா. எப்ப வருவான்னு தெரியாது" என்றான். நல்ல பையன். பொய் சொல்லும்போது காது சிவந்துவிட்டது. உன் செருப்பு வாசலில் கிடந்தது. இடது கால் வார் அறுந்து நான் தைத்துக்கொடுத்த செருப்பு எனக்குத் தெரியாதா? ஒன்று கவிழ்ந்து கிடந்தது. கவிழ்ந்து கிடக்கக்கூடாது என்று நிமிர்த்தி வைத்துவிட்டு, கொண்டுவந்த முறுக்கை அந்தப் பையனிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கதவுக்குப் பின்னால் நீ மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாய். நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ வருவாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. வந்தால் உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

சரசு: அண்ணே, அந்தப் பையன் முறுக்கை வாங்கிக்கொண்டு என்னிடம் மெதுவாக, "தங்கச்சி, கோவிச்சுக்காதே" என்றான். நான் கோபிக்கவில்லை.  திரும்பி வரும்போது, தண்டவாளம் தாண்டும் இடத்தில் ரயில் விசில் கொடுத்தபோது அம்மா கண்ணை மூடிக்கொண்டார்கள்.

நீ இங்கேதான் பிறந்தாய். நாகப்பட்டினத்தில் இறங்கி யாரைத் தேடுவாய்? என் அண்ணன் உயிரோடு இருக்கிறானா என்று எனக்கே தெரியாது. அந்த ஊரின் பெயரைச் சொல்கிறேன், குளத்தைச் சொல்கிறேன், அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. இங்கே வேலையில்லாதவர்களைக் கப்பல் கப்பலாக அனுப்புகிறார்கள், போனவர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருந்து என்ன செய்வேன் என்று நீ கேட்பாய். கம்பெனி இந்த வீட்டை எங்களிடம் எவ்வளவு நாள் விட்டுவைக்கும் என்றும் தெரியாது. புதிதாக வந்த லோரியில் சங்கு கிடையாது, வெண்கல மணி. கயிற்றை விட்டால் அதுவே நின்றுவிடுகிறது. அந்தச் சத்தம் கேட்டாலும் நான் அடுப்பை விட்டு எழுந்துவிடுகிறேன்.

அங்கே போய் எந்த மிஷின் பக்கமும் வேலைக்குப் போகாதே என்று முதலில் சொல்ல நினைத்தேன். வேண்டாம், போ. உனக்குத் தெரிந்தது அதுதான். ஆயுத பூஜைக்கு யாராவது கூப்பிட்டால் ஒதுங்கி நிற்காதே. எண்ணெய் படக்கூடாத இடம் இது என்று ஒரு தடவை சொல். கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை சொல். மூன்றாவது தடவை சத்தமாகச் சொல். அப்பா வயசுக்காரராக இருந்தாலும் சொல். சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு. உன் அப்பாவைப் பற்றி அங்கே யாராவது கேட்டால் நடந்ததைச் சொல், அவர் சொல்லித்தான் துடைத்தேன் என்றும் சொல். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் என்னிடம் வரட்டும்.

இன்னும் ஒன்று. நாளை மத்தியானம் நீ போகும் ரயில் நம் லைன் வீட்டைத் தாண்டி அந்தத் தண்டவாள வளைவில்தான் போகும். அங்கே ஸ்டேஷன் இல்லை, நிற்காது, இறங்க முடியாது என்று எனக்குத் தெரியும். நான் கம்பெனி ரோட்டுப் பக்கம் நிற்பேன். அந்தப் பக்கத்து ஜன்னலில் உட்கார். தலையை வெளியே நீட்டாதே, உள்ளேயிருந்தே பார். நான் கத்த மாட்டேன், கத்தினாலும் விசிலில் உனக்குக் கேட்காது. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். பார்க்க முடியாது என்றால் அடுத்த பக்கம் உட்கார்ந்துகொள். செருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பியவள் நான், ரயில் பெட்டிகளைப் பார்த்துவிட்டும் திரும்புவேன். நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தாய் என்று யாரிடமும் விசாரிக்க மாட்டேன்.

சரசு: அண்ணே, நாளைக்கு நான் பள்ளிக்கூடம் போகாமல் அம்மாவோடு நிற்பேன். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் அந்தப் பக்கம் உட்கார மாட்டீர்கள் என்று அம்மா நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். உண்மையை எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன். கடைசியாக என்ன போடட்டும் என்று கேட்டேன். அம்மா தையல் மிஷினின் சக்கரத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். விளக்குக்கு மின்சாரம் தரும் கம்பெனி டைனமோவை இராத்திரிக்கு நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. அதற்குப் பிரேக் கிடையாது, சத்தம் இறங்கிக்கொண்டே இருக்கிறது, விளக்கும் அதோடு சேர்ந்து சிவந்துகொண்டே வருகிறது. அம்மா வாய் திறந்து ஏதோ சொன்னார்கள். அந்தச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இந்த வரி கோணலாக இருந்தால் மன்னியுங்கள். விளக்கு அணைந்துவிட்டது.